இழுத்தால் சுடும் துப்பாக்கி

ரோஸ்லின் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் நான் செய்த பதினோராவது காற்றுத் துப்பாக்கி இருந்தது. நீளம் பதினான்கு சென்டிமீட்டர். மை தீர்ந்துபோன ஒரு தடித்த பேனாவின் உடல்தான் அதன் குழல். எதிரே ஸ்டூலின் மேல் ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தேன். கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் தரையில் ஓரடி டைல்ஸ் ஐந்து.

"ஊது" என்றேன்.

ஊதினாள். துப்பாக்கியின் அடியில் தொங்கிய ரப்பர் பை கொஞ்சம் புடைத்தது. விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினாள். மூன்றாவது ஊதலில் பை ஒரு கொய்யாக்காய் அளவுக்கு வந்தது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். டப் என்று ஒரு சத்தம். காய்ந்த பட்டாணி ஒன்று போய் டம்ளரின் நெற்றியில் அடித்தது. டம்ளர் மல்லாந்து தரையில் விழுந்து அரைவட்டம் உருண்டது.

"விழுந்துருச்சுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு நாளாகியிருந்தது. கடைசி மூன்று நாளாக வாயே திறக்காதவள் தானாகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். "இன்னொரு பட்டாணி குடுங்க" என்பது இரண்டாவது.

ஏழு முறை சுட்டாள். நான்கு முறை டம்ளர் விழுந்தது. அதை நோட்டில் எழுதினேன். அதே பக்கத்தில், பக்கத்துக் கட்டத்தில், 'மூன்று பந்து' என்ற தலைப்பின் கீழ் அன்று காலை எழுதியிருந்த எண் பூஜ்யம். முந்தின நாளும் பூஜ்யம். வாரம் முழுக்கப் பூஜ்யம்.

ஒரே நுரையீரல், ஒரே நாள். ஒரு கட்டத்தில் டம்ளர் விழுகிறது, அடுத்த கட்டத்தில் எதுவும் அசையவில்லை. எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள எட்டு நாள்தான் மிச்சம் இருந்தது. பதினைந்தாம் நாள் மறுபடியும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குள் நுரையீரல் விரியாவிட்டால் விலாவில் இரண்டாவது முறையாகக் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் குழாய் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளையும் நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கொசு பேட்டும் லைசென்ஸும்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். ஒரு மிஷன் கல்லூரியின் இயற்பியல் சோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். லென்ஸ் துடைப்பது, தராசுக்கல் எண்ணி வைப்பது, பையன்கள் உடைத்த சோதனைக்குழாய்களைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. ஓய்வு பெற்றபின் எண்ண ஒன்றுமில்லாமல் போனது. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே போகும் விமானங்களை எண்ணத் தொடங்கினேன். ரோஸ்லின்தான், "கையால ஏதாவது செய்யுங்க, கண்ணால மட்டும் செய்யாதீங்க" என்றாள்.

காற்றுத் துப்பாக்கி அப்படித்தான் வந்தது. சோதனைக்கூடத்தில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. கண்ணாடிக் குழாயின் இரு முனைகளையும் உருளைக்கிழங்குத் துண்டில் குத்தி அடைத்து, ஒரு குச்சியால் பின் துண்டை உள்ளே தள்ளினால், நடுவில் மாட்டிய காற்று நெருங்கி, முன் துண்டைத் துப்பிவிடும். காற்றுக்கு எடை உண்டு, இடம் உண்டு, கோபமும் உண்டு என்று முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தோம். வீட்டில் அதையே சிறிதாக, இன்னும் சிறிதாகச் செய்துபார்த்தேன். பேனாக் குழல், ஊசி மருந்துச் சிரிஞ்சு, சைக்கிள் வால்வு. என் ஆறாவது துப்பாக்கி சுண்டுவிரலை விடச் சின்னது. அது கடுகை ஒன்றேகால் அடி தள்ளியது.

நான் பயந்த ஆள். இரண்டாவது துப்பாக்கி முடிந்த மறுநாளே அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், இதற்கு உரிமம் தேவையா என்று கேட்டேன். அங்கே இருந்த ஏட்டு அதை வாங்கி, மேஜையிலிருந்த அழிரப்பரைக் குறிபார்த்துச் சுட்டார். உருளைக்கிழங்குத் துணுக்கு ரப்பரைத் தாண்டிப் போய் சுவரில் ஒட்டியது.

"அய்யா, இதுக்கு லைசென்ஸ் கேட்டா கொசு பேட்டுக்கும் கேக்கணும்" என்றார். "வீட்டுக்குப் போங்க. வெயில் ஏறுது."

இருந்தாலும் நானே எனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். ஐந்தடி தூரத்தில் தொங்கவிட்ட ஒற்றைச் செய்தித்தாளை எந்தத் துப்பாக்கியும் கிழிக்கக் கூடாது. நான்காவது கிழித்தது. அன்றே அதைப் பிரித்துப் பாகம் பாகமாக வேறு வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டேன். மொத்தம் ஒன்பது பாகங்கள், மூன்று தெருக்கள்.

பரவையில் ஒற்றைக் காய்

எந்தக் காய் காற்றை விடாமல் அடைக்கும் என்று ஒரு சமயம் எனக்குக் கேள்வி வந்தது. உருளைக்கிழங்கு என்று எல்லாருக்கும் தெரியும். மற்றவை? காலையில் பஸ் ஏறிப் பரவைச் சந்தைக்குப் போனேன். மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியிடம், முள்ளங்கி ஒன்று, சௌசௌ ஒன்று, பீட்ரூட் ஒன்று வேண்டும் என்றேன்.

"ஒரு மூட்டையா?"

"ஒன்று."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, இது மொத்த யாவாரம். ஒத்தக் காய்க்கு ஓட்டல்காரன்கூட இங்க வர மாட்டான். வீட்ல சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து ஐந்தாவது துப்பாக்கியை எடுத்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடையிலிருந்த காய் ஒவ்வொன்றையும் எடுத்துவந்து குழலால் குத்தத் தொடங்கிவிட்டார். இரண்டு சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். ஏழு காய்களைப் பார்த்தோம். உருளை முதல், முள்ளங்கி இரண்டாவது, பீட்ரூட் மூன்றாவது. சௌசௌ நீர்விட்டுக் கசிந்தது. கத்தரிக்காய் மானத்தை வாங்கியது.

"கத்தரிக்காய நம்பாதீங்கண்ணே, குழம்புலயே கொழஞ்சுரும்" என்று சொல்லி, குத்துப்பட்ட ஏழு காய்களையும் பையில் போட்டு இலவசமாகக் கொடுத்தார். ரோஸ்லின் அதைச் சாம்பார் வைத்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வட்ட ஓட்டை இருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அவள் படுத்தபோது என் கையில் வேறு எந்தத் திறமையும் இருக்கவில்லை என்பதுதான்.

பூஜ்யம்

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவளுக்குச் சளி வந்தது. சளி காய்ச்சலானது, காய்ச்சல் நிமோனியாவானது, பிறகு வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டிக்கொண்டது. குழாய் போட்டு எடுத்தார்கள். நீர் வெளியே வந்துவிட்டது, ஆனால் அமுங்கிக் கிடந்த நுரையீரல் பழையபடி விரிய வேண்டும், அது மருந்தால் ஆகாது, மூச்சுப் பயிற்சியால்தான் ஆகும் என்றார் டாக்டர்.

அதற்குக் கொடுத்ததுதான் மூன்று பந்துக் கருவி. பலர் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பந்து, பக்கத்தில் வளைந்த குழாய், முனையில் வாய்வைக்கும் கட்டை. பந்துகள் மேலே ஏற வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸ் பெண் அதை உறையிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை? ஒரு முறைக்கு எத்தனை மூச்சு? இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எத்தனை நாள்? அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, "அம்புட்டுத்தான் சார், தாள் உள்ள இருக்கு பாத்துக்கங்க" என்று போய்விட்டார்.

தாளைப் பத்திரமாக மருத்துவக் கோப்பில் வைத்தேன். அதில் எச்சரிக்கைகள் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் படித்தேன். ஒரு நோயாளிக்கு மட்டுமே பயன்படுத்தவும் என்பது நான்காவது. அதனால் நான் ஒரு தடவைகூட அதில் வாய் வைக்கவில்லை. பின்பக்கம் ஒரு படம் இருந்தது. படத்தை யார் பார்க்கிறார்கள்?

ரோஸ்லின் இருபத்தெட்டு ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் கபடி நிற்கும். அப்படிப்பட்டவள் அந்தக் குழாயில் வாய் வைத்து ஊதினாள். பந்துகள் அசையவில்லை. கன்னம் புடைக்க ஊதினாள். ஒரு பந்துகூட அசையவில்லை. இருமல் வந்தது. ஒரு மணிக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து மூச்சு. ஒரு நாளில் நூறு மூச்சு, நூறுக்கும் பூஜ்யம்.

நான்காம் நாள் கருவியைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு முடிஞ்சிருச்சுங்க. ஒரு பந்தத் தூக்க மூச்சு இல்ல. திரும்பக் குழாய் போடட்டும். இல்ல, போடாட்டியும் சரி" என்றாள்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளைக் கேட்டபின் நான் இரண்டு நாள் உட்கார்ந்து பதினோராவது துப்பாக்கியைச் செய்தேன். அந்த நாட்களிலும் என் வற்புறுத்தலுக்காக மணிக்கொரு தடவை பந்துக் கருவியில் ஊதிக்கொண்டுதான் இருந்தாள். பழைய இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பை ஒன்று என்னிடம் இருந்தது. ஊதும் காற்று திரும்பி வாய்க்கு வராதபடி ஒருவழி வால்வு வைத்தேன். பட்டாணி வாய்ப்பக்கம் போகவே முடியாது என்று இருபது தடவை சோதித்தேன். பந்துமேல் கோபம் இருக்கட்டும், டம்ளர்மேல் ஊதட்டும், எப்படியாவது மூச்சு பலப்படட்டும் என்பது என் எண்ணம்.

மூச்சில் பலம் ஏற்கெனவே இருந்தது என்பதைத்தான் மேலே சொன்னேன்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்

இரண்டு நாள் யோசித்தேன். ஐந்தடியில் டம்ளரைச் சாய்க்கும் மூச்சு ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தூக்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கருவியில் எங்கோ கசிவு. ஒன்பதாம் நாள் காலை அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆண்டிச்சாமியின் பட்டறைக்கு நடந்தேன். எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவருடைய லேத் பட்டறை. என் துப்பாக்கிகளுக்குப் பித்தளைத் துண்டு கடைந்து கொடுப்பவர் அவர்தான். வயது ஐம்பது இருக்கும். வாடிப்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் இன்னும் வயல் வைத்திருக்கிறார். லேத்துக்கு முன்னால் நின்றாலும் நடவைப் பற்றித்தான் பேசுவார்.

"வாங்க சார். எழுவத்தொரு வயசுல துப்பாக்கி வியாபாரி. பன்னெண்டாவதா?"

"இல்லை ஆண்டி. இதில் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும்."

பஞ்சர் பார்ப்பது போலத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் குமிழி வரும் என்பது என் யோசனை. ஆண்டிச்சாமி கருவியைத் திருப்பிப் பார்த்தார். வாய்க்கட்டையைக் கழற்றச் சொல்லி, தன்னிடமிருந்த வேறு ஒரு துண்டுக் குழாயைச் சொருகி ஊதினார். அவர் ஊதினால் பட்டறையில் இரும்புத்தூள் பறக்கும். பந்துகள் அசையவில்லை.

"சார், எனக்கே ஏறல. அம்மா பாவம், என்னா செய்யும்?"

எனக்கு உடம்பு லேசானது. அவளிடம் குறை இல்லை, கருவி பழுது. வேறு வாங்கிக்கொள்ளலாம்.

"இருங்க, மிஷின் காத்து வச்சுப் பாத்துருவோம்" என்று ஆண்டிச்சாமி மூலைக்குப் போனார். அங்கே ஒரு பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கறுப்புக் கம்ப்ரசர் இருந்தது. சின்னப் பட்டறைகளில் காற்றடிக்க அதைத்தான் வைத்திருப்பார்கள். அதிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் வரும். ஒன்று காற்றைத் துப்பும். மற்றொன்று காற்றை உறிஞ்சும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

டியூபை மாட்டி சுவிட்சைப் போட்டார்.

டக், டக், டக். மூன்று பந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"கசிவும் இல்ல ஒன்னும் இல்ல. இந்தா ஏறுதுல்ல" என்றார் ஆண்டிச்சாமி. பிறகு குனிந்து செம்புக் குழாயைப் பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "சார், நான் மாத்தி மாட்டிட்டேன். இது உறிஞ்சுற குழாய்."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. பந்துகள் மேலேயே நின்றன. அவர் டியூபைக் கழற்றித் துப்பும் குழாயில் மாட்டினார். மூன்றும் சட்டென்று கீழே விழுந்து அடியில் அமுங்கிக்கொண்டன. மறுபடி மாற்றினார். ஏறின. மறுபடி. விழுந்தன. அவர் நான்கு தடவை மாற்றினார். ஐந்தாவது தடவை நான் அவர் கையைப் பிடித்தேன்.

"சார், ஊதுறதா இது? இழுக்குறது சார்."

காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் பையன்களுக்கு அம்புக்குறி போட்டுக் கொடுத்தவன் நான். அறையின் மேல்பக்கத்தில்தான் குழாய் சேர்கிறது. இழுத்தால் மட்டுமே பந்து ஏறும். கண்ணுக்கு நேராக இருந்தது. எட்டு நாளும் நான் பார்த்தது பந்தின் எண்ணிக்கையை.

"டீ சொல்லவா?" என்றார் ஆண்டிச்சாமி.

"வேண்டாம். வீட்டுக்குப் போக வேண்டும்" என்றேன். கருவியை மறுபடி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில்

கோப்பைத் திறந்து தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் முகம், வாயில் குழாய், அம்புக்குறி வாயை நோக்கி. தாளை அவளிடம் கொடுத்தேன். பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். எண்ணூறு மூச்சு, எண்ணூறும் என் தப்பு என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அந்த நர்ஸ் பிள்ளை வந்து நின்னுச்சு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்படிப் பண்ணணும்னு சொல்ல வாயத் தொறந்துச்சு. நீங்க விட்டீங்களா? எத்தன, எத்தன, எத்தன."

"ஆமாம்."

"என் மூச்சு செத்துப்போச்சுன்னு நெனச்சுப் படுத்திருந்தேன். எட்டு நாளு."

"ஆமாம்."

"ஆமான்னு சொல்லாதீங்க. கோவமா வருது." சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு வலித்தது. வலித்ததால் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டுக் கருவியைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அந்தச் சனியன என் கண்ணுல காட்டாதீங்க. அந்த மூணு பந்தப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது."

கெஞ்சிப் பார்த்தேன். ஒரு தடவை இழுத்தாள். வலது விலாவில் குத்தியது. முதல் பந்து பாதி ஏறி விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சம் ஆறு நாள்.

பன்னிரண்டாவது

நான் மறுபடி பட்டறைக்குப் போனேன். ஆண்டிச்சாமியிடம், மூச்சை உள்ளே இழுத்தால் சுடும் துப்பாக்கி வேண்டும் என்றேன்.

"இழுத்தா குண்டு வாய்க்குள்ளல்ல போகும்? அம்மா பட்டாணிய முழுங்கிட்டா டாக்டர்ட்ட என்னான்னு சொல்றது? சுண்டல் சாப்ட்டுச்சுன்னா?"

எனக்கும் அந்தப் பயம்தான். இதுவரை செய்த பதினொன்றிலும் காற்றுதான் குண்டைத் தள்ளும் வேலையைச் செய்தது. இதில் மூச்சுக்கு அந்த வேலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். குண்டுக்குத் தேவையான காற்றை நான் சிரிஞ்சால் அடைத்து வைத்துவிடுவேன். அவள் மூச்சு விசையை மட்டும் இழுத்தால் போதும். வாய்க்குழாய் தனி அறைக்குப் போகும். அந்த அறையின் ஒரு சுவர், பலூன் ரப்பர். மூச்சு இழுக்கக் குழாயின் பக்கத்தில் தனிக் காற்றுவழி; குழாயிலிருந்து அறைக்கு ஊசித்துளை அளவே வழி. வெடுக்கென்று இழுத்து விட்டால் ரப்பர் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு நின்றுவிடும். மெதுவாக, நிறுத்தாமல், ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால்தான் ரப்பர் உள்ளே குழிந்து போய், அதில் கட்டிய நூல் கொக்கியை விடுவிக்கும். பட்டாணி இருக்கும் குழலுக்கும் அவள் வாய்க்கும் காற்றுத் தொடர்பே கிடையாது. அப்படியும் நடுவில் டீ வடிகட்டியின் வலையை இரண்டு அடுக்கு வெட்டி வைத்தேன்.

ஆண்டிச்சாமி கொக்கியை மூன்று தடவை கடைந்தார். முதலாவது மிகவும் கெட்டி, கம்ப்ரசர் உறிஞ்சினால்தான் விடும். இரண்டாவது மிகவும் இளக்கம், தெருவில் பஸ் போனால் சுட்டது. மூன்றாவது சரியாக இருந்தது. அவரே வேறு குழாய் வைத்து இழுத்துப் பார்த்தார். டப். லேத்தின் மேலிருந்த முருகன் படத்துக்குப் பக்கத்தில் பட்டாணி பட்டுத் தெறித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள், பிசியோதெரபி செய்யும் பெண் முதல் முறையாக வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியைக் காட்டினேன். வாங்கி, குழாயில் தன்னிடமிருந்த புது வாய்க்கட்டையை மாட்டிக்கொண்டு, அவரே ஒரு முறை இழுத்தார்.

"நல்லா இழுக்க வைக்குது சார். எதுல இழுத்தாலும் இழுப்பு இழுப்புதான். ஆனா அம்மா, நாளைக்கு ரெண்டு தடவையாவது பந்துலயும் இழுக்கணும். அது எனக்கு அளவு தெரிய."

ரோஸ்லின் ஒத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"நீங்க ரூம்ல இருக்கக் கூடாது. நோட்ட எடுக்கக் கூடாது. நீங்க எண்ணுனா எனக்கு முட்டுது."

"காற்று யார் அடைப்பது?"

"அடைக்கச் சொல்லிக் குடுங்க. எத்தன தடவன்னு சொல்லாதீங்க. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிக்கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் நீளமாக ஒரு இழுப்பு கேட்கும், நடுவில் அறுந்துபோகும், ஒரு முனகல். மறுபடி ஒரு இழுப்பு. டப். டம்ளர் விழும் சத்தம். சில சமயம் டப் மட்டும் கேட்டு, டம்ளர் விழாது. அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திட்டும் குரலில் பட்டாணியைத் திட்டினாள். நான் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். அந்த நாட்களுக்கு என் நோட்டில் ஒன்றும் இல்லை. கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.

பெருக்கும்போது மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து பட்டாணி வந்துகொண்டே இருந்தது. அதை நான் எண்ணவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. எண்ணவில்லை.

பதினைந்தாம் நாள்

எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே அவளை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. குழாய் போட நேர்ந்தால் தங்க வேண்டிவரும் என்று மாற்றுப் புடவைகளை அவளே எடுத்து வைத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் அது என் மடியில் இருந்தபோதுதான் கனத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் படத்தைத் திரையில் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் கண்ணுக்கு இரண்டும் புகை.

"நல்லா விரிஞ்சிருக்கு" என்றார். "அடியில ஒரு மூலை மட்டும் பாக்கி. அது தானா வந்துரும், பயிற்சிய விடாதீங்க. குழாய் தேவையில்ல."

ரோஸ்லின் துணிப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"எத்தன தடவ பண்ணீங்க ஒரு நாளைக்கு?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். வார்டில் ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து காட்டியவன் நான் என்பது அவருக்கு நினைவிருந்தது.

"தெரியாது டாக்டர்" என்றேன்.

வெளியே வந்தோம். மருந்து வாங்க நான் வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் நான் உட்காரவைத்த இடத்தில் இல்லை. பதறிப்போய்த் தேடினேன். தாழ்வாரத்தின் கோடியில் பெஞ்சில் இருந்தாள். அவள் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அன்றுதான் வீட்டுக்குப் போகிறவர் போலிருந்தது. பக்கத்தில் போர்வை, பிளாஸ்க், வாளி எல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். அவர் மடியில் உறை பிரிக்காத மூன்று பந்துக் கருவி.

"இத எப்படிப் பண்ணணும்னு சொன்னாங்களாண்ணே?" என்று ரோஸ்லின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னாக. பத்துத் தடவை ஊதச் சொன்னாக."

"ஊதச் சொன்னாங்களா, பத்துத் தடவைன்னு சொன்னாங்களா?"

பெரியவர் யோசித்தார். "பத்துத் தடவைன்னு சொன்னாக. ஊதுறது நானா நெனச்சது."

"பிரிங்க."

பக்கத்தில் நின்ற அவர் மகன் உறையைப் பிரித்து, குழாயை மாட்டிக் கொடுத்தான். பெரியவர் வாயில் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் புடைத்தன. பந்துகள் அப்படியே கிடந்தன. அவர் குழாயை எடுத்துவிட்டு ரோஸ்லினைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

"எனக்கு மூச்சு இல்ல போலருக்கும்மா."

"இருக்கு" என்றாள். "நிமிந்து உக்காருங்க. தோளத் தொங்கப் போடாதீங்க. வாயில வச்சு, எளநி குடிக்கிற மாதிரி உள்ள இழுங்க. அவசரம் இல்ல. வலிச்சா நிறுத்திட்டு மறுபடி இழுங்க."

பெரியவர் இழுத்தார். முதல் பந்து ஒரு நடுக்கத்தோடு தரையை விட்டு எழுந்து, பாதியில் நின்றது.

"விடாதீங்க" என்றாள் ரோஸ்லின். மைதானத்துக் குரல். தாழ்வாரத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இழுங்க, இழுங்க, இன்னும் இருக்கு."

பந்து மேலே போய்ச் சேர்ந்தது.